சந்தேகத்தின் பலன்: ஒரு ஜெர்மன் பழிவாங்கும் கதையை முன்வைத்து

கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலை ஆனார்கள் என்று நாளிதழில் செய்தி வருகிறது. 'சந்தேகத்தின் பலனை அளித்து' என்ற மூன்று சொற்கள் அதில் தவறாமல் இருக்கும். படித்தவர்களில் பாதிப் பேர், 'அப்படியானால் அவர்கள் செய்யவில்லை' என்பார்கள். மீதிப் பேர், 'பணம் வேலை செய்துவிட்டது' என்பார்கள். அந்த மூன்று சொற்கள் சொல்வது இந்த இரண்டில் எதையுமே அல்ல.

ஃபாத்தி ஆக்கின் இயக்கி 2017இல் வெளிவந்த 'அவுஸ் டெம் நிக்ட்ஸ்' என்ற ஜெர்மன் படத்தைப் பற்றி நண்பர்களிடம் பேசும் போதெல்லாம் இதே குழப்பத்தைப் பார்க்கிறேன். கணவனையும் மகனையும் குண்டுவெடிப்பில் இழந்த ஒரு பெண் பழிவாங்கப் புறப்படும் கதை அது. 'நீதிமன்றம் கொலைகாரர்களை நிரபராதிகள் என்று சொல்லிவிட்டதே' என்று கோபப்படுகிறார்கள். கோபம் நியாயமானது. ஆனால் நீதிமன்றம் சொன்னது அதுவல்ல. சட்டம் படிக்காதவருக்கும் புரியும்படி அதை விளக்க முடியும் என்று நம்பி இதை எழுதுகிறேன். படத்தின் முடிவு வரை பேச வேண்டியிருக்கிறது. இனிமேல்தான் பார்க்கப் போகிறவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

கதைச் சுருக்கம்

ஹாம்பர்க் நகரில் வாழும் காத்யா ஜெர்மானியப் பெண். கணவன் நூரி குர்துப் பூர்வீகம் கொண்டவர். போதைப்பொருள் வழக்கில் சிறை சென்று திரும்பி, திருந்தி, சொந்தமாக ஒரு சிறு அலுவலகம் நடத்துகிறார். ஒரு நாள் காத்யா மகன் ராக்கோவை அந்த அலுவலகத்தில் விட்டுவிட்டு வெளியே வருகிறாள். வாசலில் ஓர் இளம்பெண் புத்தம் புதிய சைக்கிளை நிறுத்திவிட்டுப் பூட்டாமல் நடக்கிறாள். திருடு போய்விடுமே என்று காத்யா அவளை எச்சரிக்கவும் செய்கிறாள். மாலையில் திரும்பி வரும்போது தெருவே சிதைந்து கிடக்கிறது. ஆணிகள் நிரப்பிய குண்டு. கணவனும் இல்லை, குழந்தையும் இல்லை.

பின்னர் ஒரு நவநாஜித் தம்பதி கைதாகிறார்கள். வழக்கு நடக்கிறது. விடுதலை. அதன் பிறகு காத்யா கிரேக்கத்துக்குப் போகிறாள். 'குடும்பம்', 'நீதி', 'கடல்' என்று மூன்று பகுதிகளாகப் படம் நகர்கிறது. காத்யாவாக நடித்த டயான் குரூகருக்கு அந்த ஆண்டு கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருது கிடைத்தது. நடுப்பகுதியான 'நீதி'தான் நம்முடைய பாடம். திரைக்கதையை ஆக்கினோடு சேர்ந்து எழுதிய ஹார்க் போம் சட்டம் படித்தவர்; நீதிமன்றக் காட்சிகளின் நிதானத்தில் அது தெரிகிறது.

ஒரே சொல், இரண்டு வேலை

குழப்பத்தின் வேர் நம் மொழிப் பழக்கத்திலேயே இருக்கிறது. 'எனக்கு அவன் மேல் சந்தேகம்' என்கிறோம். 'பாடத்தில் ஒரு சந்தேகம்' என்றும் சொல்கிறோம். முதலாவது, ஒருவரை நோக்கி நீளும் விரல். இரண்டாவது, 'இது சரிதானா' என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளும் தயக்கம். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்துவதால், 'சந்தேகத்தின் பலன்' என்ற தொடரில் எந்தச் சந்தேகம் பேசப்படுகிறது என்பது மறைந்துபோகிறது.

வீட்டு அலமாரியில் வைத்த ஐநூறு ரூபாய் காணவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மதியம் வீட்டில் இருந்தவன் சின்னவன் மட்டும். அவன் மேல் பார்வை போவது முதல் வகை. அதே நேரத்தில் பாட்டிக்கு இன்னொரு எண்ணம் வருகிறது: 'நேற்று பால்காரருக்குக் கொடுத்தது அந்தப் பணமாக இருந்தால்?' பிள்ளையை அடிக்க ஓங்கிய கையை நிறுத்துவது இந்த இரண்டாம் வகை. இந்தக் கட்டுரையில் முதலாவதைச் 'சந்தேகம்' என்றும் இரண்டாவதை 'ஐயம்' என்றும் அழைக்கிறேன். விசாரணை சந்தேகத்தில் தொடங்கும். நீதிபதியின் மனத்தில் எஞ்சி நிற்கும் ஐயத்தின் பலன்தான் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் போகிறது.

படத்தில் சந்தேகம் முதலில் யார் மேல் விழுகிறது என்று பாருங்கள். இறந்துபோன நூரியின் மேல். அவர் மதப்பற்று உள்ளவரா, அரசியலில் இருந்தாரா, பழைய போதைப்பொருள் கூட்டாளிகளோடு தொடர்பு உண்டா என்றே காவல்துறை காத்யாவைக் கேட்கிறது. 'நாஜிகள்தான் செய்திருப்பார்கள்' என்று அவள் சொல்வது காதில் ஏறவில்லை. அவள் வீடே சோதனை போடப்படுகிறது.

இது கற்பனை மட்டுமல்ல. ஜெர்மனியில் 2000 முதல் 2007 வரை 'தேசிய சோசலிசத் தலைமறைவு இயக்கம்' என்ற நவநாஜிக் குழு 10 பேரைச் சுட்டுக் கொன்றது. எட்டுப் பேர் துருக்கியப் பூர்வீகம் கொண்டவர்கள், ஒருவர் கிரேக்கர், கடைசியாக ஒரு பெண் காவலர். பல ஆண்டுகள் காவல்துறை கொலையாளிகளைத் தேடியது இறந்தவர்களின் குடும்பங்களுக்குள்ளும் நட்பு வட்டத்திலும்தான். விசாரணைக் குழுவுக்கு வைத்த பெயரே 'போஸ்போரஸ்'; இஸ்தான்புல்லை இரண்டாகப் பிரிக்கும் நீரிணையின் பெயர். பத்திரிகைகள் இக்கொலைகளை ஓர் உணவுப் பண்டத்தின் பெயரால் 'டோனர் கொலைகள்' என்று எழுதின. 2011க்கான ஜெர்மன் மொழியின் மிக மோசமான சொல்லாக அது பின்னர் தேர்ந்தெடுக்கப்பட்டது. 2004 ஜூன் 9 அன்று கொலோன் நகரின் கொய்ப் தெருவில், துருக்கியர் நடத்திய முடிதிருத்தகத்தின் வாசலில் சைக்கிளில் வைத்த ஆணிக் குண்டு வெடித்து 22 பேர் காயமடைந்தார்கள். படத்தில் வரும் அந்தப் பூட்டாத சைக்கிள் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரியும்.

இதுவரை பார்த்தது: சந்தேகம் வேறு, ஐயம் வேறு. சந்தேகத்துக்கு முன்முடிவுகள் உண்டு. அது தவறான வாசலில் போய் நிற்கும். ஐயம் வேலை செய்வது வழக்கின் இறுதியில்.

நாம் பார்த்தோம், நீதிபதிகள் பார்க்கவில்லை

படம் பார்த்த எவருக்கும் குண்டு வைத்தவள் யார் என்பதில் குழப்பம் இல்லை. அந்தப் பெண்ணை வாசலில் நாமும் பார்த்தோம். காத்யாவின் தோளுக்குப் பின்னால் நின்று, அவள் கண்ணாலேயே பார்த்தோம். எனவே தீர்ப்பு வாசிக்கப்படும்போது நமக்குத் தாங்க முடியவில்லை.

ஆனால் நீதிபதியின் இருக்கையில் உட்கார்ந்து பாருங்கள். உங்கள் முன்னால் இருப்பது அந்தக் காட்சி அல்ல; அந்தக் காட்சியை நினைவுகூரும் ஒரு பெண். மகனைப் பறிகொடுத்தவள். துயரம் தாளாமல் போதைப்பொருளைத் தொட்டவள். அதைப் பிடித்துக்கொண்டு எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அவளுடைய சாட்சியத்தை நம்பலாமா என்று கேட்கிறார். குற்றம் சாட்டப்பட்டவனின் தந்தையே வந்து, தன் வீட்டுக் கொட்டகையில் குண்டு செய்யும் பொருள்கள் இருந்ததைச் சொல்கிறார். மகனுக்கு எதிராக நிற்கும் அந்த மனிதரின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. 'அந்தக் கொட்டகைக்குள் வேறு யாரும் போயிருக்க முடியாதா?' என்று எதிர்க் கேள்வி வருகிறது. கிரேக்கத்திலிருந்து ஒரு விடுதிக்காரர் வந்து, அந்த நாளில் தம்பதி தன் விடுதியில் தங்கியிருந்தார்கள் என்கிறார். அவருக்கும் அங்குள்ள தீவிர வலதுசாரிகளுக்கும் உள்ள தொடர்பைக் காத்யாவின் வழக்கறிஞர் டானிலோ வெளிக்கொண்டு வருகிறார். இருந்தாலும் அவர் பொய் சொன்னார் என்று அறுதியிட முடியவில்லை.

'எனக்குத் தெரியும்' என்பதும் 'காட்டி நிறுவ முடியும்' என்பதும் ஒன்றல்ல. காத்யாவுக்குத் தெரியும். நமக்கும் தெரியும். நீதிமன்றத்துக்குத் தெரிந்தது அதன் அறைக்குள் வந்து சேர்ந்தது மட்டுமே.

எந்தத் தராசு?

காய்கறிக் கடையிலும் தராசு உண்டு, நகைக் கடையிலும் தராசு உண்டு. கத்தரிக்காயில் பத்து கிராம் கூடக்குறைய இருந்தால் யாரும் கவலைப்படுவதில்லை. தங்கத்தில் அப்படி விட முடியுமா? கடன் தகராறு போன்ற வழக்குகளுக்கு ஒரு தராசு, ஒருவரை ஆயுள் முழுக்கச் சிறையில் அடைக்கும் வழக்குக்கு அதைவிட நுண்ணிய தராசு என்பது பல நாடுகளின் சட்டங்களில் நாம் காணும் எண்ணம்.

குற்ற வழக்குக்கான நெறிக்குச் சட்ட உலகில் 'இன் டூபியோ ப்ரோ ரியோ' என்று லத்தீனில் பெயர். ஐயம் இருந்தால் முடிவு குற்றம் சாட்டப்பட்டவர் பக்கம் என்பது அதன் பொருள். காரணம் எளியது. தவறாக விடுவித்தால் ஒரு குற்றவாளி தப்புகிறான். தவறாகத் தண்டித்தால் ஒரு நிரபராதி அழிகிறான், உண்மையான குற்றவாளியும் சேர்ந்தே தப்புகிறான்.

ஜெர்மனியில் இந்தத் தராசை யார் பிடிக்கிறார்கள்? அமெரிக்கப் படங்களில் வருவது போல 12 பேர் கொண்ட நடுவர் குழு அங்கே இல்லை. கொலை வழக்கை விசாரிக்கும் மாநில நீதிமன்ற அமர்வில் 3 தொழில்முறை நீதிபதிகளும், 'ஷோஃபன்' எனப்படும், பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட 2 பேரும் சேர்ந்து அமர்வார்கள். ஐந்து பேருக்கும் சமமான வாக்கு. ஒருவரைக் குற்றவாளி என்று தீர்மானிக்க மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் வேண்டும். ஐந்தில் மூன்றில் இரண்டு பங்கு என்றால் நடைமுறையில் நான்கு. எனவே இரண்டு பேருக்கு ஐயம் தீரவில்லை என்றால் விடுதலை. மற்ற மூவரும் 'இவர்கள்தான் செய்தார்கள்' என்று உறுதியாக நம்பியிருந்தாலும் விடுதலைதான்! அத்தகைய விடுதலையை நிரபராதி என்ற சான்றிதழாக எப்படிப் படிக்க முடியும்?

கயிறும் புரிகளும்

அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் இடம் இதுதான். இங்கே கொஞ்சம் நிற்போம்.

பலர் நினைப்பது இப்படி: ஒவ்வொரு சாட்சியத்தையும் தனித்தனியாக எடுத்து, அதில் சிறிய ஓட்டை இருந்தால் தூக்கி எறிந்துவிட வேண்டும், எல்லாம் எறியப்பட்ட பிறகு மிஞ்சுவது ஒன்றுமில்லை என்றால் விடுதலை. சங்கிலியைப் போன்ற கணக்கு இது. ஒரு கண்ணி அறுந்தால் சங்கிலியே போயிற்று.

ஜெர்மன் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் இதை மறுத்திருக்கிறது. ஐயத்தின் நெறி சாட்சியங்களை மதிப்பிடும் விதி அல்ல, முடிவெடுக்கும் விதி. முதலில் எல்லாச் சாட்சியங்களையும் ஒன்று சேர்த்து, ஒன்றோடு ஒன்று பொருத்தி, முழுமையாகப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்து முடித்த பிறகும் ஐயம் எஞ்சினால், அப்போதுதான் இந்த நெறி உள்ளே வருகிறது. தேங்காய் நார்க் கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு புரி தனியாக ஒரு வாளித் தண்ணீரைத் தூக்காது. பல புரிகளை முறுக்கினால் தூக்கும். ஒரு புரி நைந்திருக்கிறது என்பதற்காக யாரும் கயிற்றை வீசுவதில்லை. மொத்தக் கயிறும் பாரம் தாங்குமா என்றுதான் இழுத்துப் பார்ப்பார்கள்.

எஞ்சும் ஐயமும் காரணம் உள்ளதாக இருக்க வேண்டும். 'உலகில் எதுவும் நடக்கலாமே' என்ற வெறும் கற்பனை போதாது. நூறு சதவீத, கணித உறுதியைச் சட்டம் கேட்பதில்லை. வாழ்க்கை அனுபவத்தின்படி போதுமான உறுதி, காரணமுள்ள ஐயத்துக்கு இடம் தராத உறுதி. அவ்வளவுதான் அது கேட்பது.

இந்தக் கண்ணோடு படத்தின் தீர்ப்பை மறுபடி பார்த்தால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. காத்யாவின் சாட்சியம் ஒரு புரி. தந்தையின் சாட்சியம் இன்னொரு புரி. விடுதிக்காரரின் பின்னணி மூன்றாவது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மிகத் திறமையாக ஒவ்வொரு புரியையும் தனியாகப் பிரித்து நகத்தால் கிள்ளிக் காட்டுகிறார். கயிற்றை முழுதாக இழுத்துப் பார்க்கும் வேலை நீதிபதிகளுடையது. அவர்கள் அதைச் சரியாகச் செய்தார்களா என்பது நியாயமான கேள்வி, கோபப்பட உரிமையுள்ள கேள்வியும்கூட.

சுருக்கமாக: விடுதலைக்குப் பெரும்பான்மை தேவையில்லை, தண்டனைக்குத்தான் தேவை. ஐயத்தின் பலன் துண்டு துண்டாக அளிக்கப்படுவதில்லை. முழுமையாக எடைபோட்ட பிறகே அளிக்கப்படுகிறது.

மியூனிக்கில் அதே நெறி

படத்துக்குத் தூண்டுதலான உண்மை வழக்கு மியூனிக் உயர் நீதிமன்றத்தில் 2013 மே 6 அன்று தொடங்கியது. 438 அமர்வு நாள்கள். படம் திரைக்கு வந்தபோதும் வழக்கு முடியவில்லை. 2018 ஜூலை 11 அன்றுதான் தீர்ப்பு வந்தது.

முன்பு சொன்ன அந்த நவநாஜிக் குழுவின் மையத்தில் இருந்த மூவரில் இரண்டு ஆண்கள் 2011 நவம்பர் 4 அன்று, ஐசனாக் நகரில் ஒரு வங்கிக் கொள்ளைக்குப் பின், தாங்கள் பதுங்கியிருந்த முகாம் ஊர்தியில் இறந்து கிடந்தார்கள். மிஞ்சியவர் பெயாட்டே சேப்பே. அவர் எந்தக் கொலை நடந்த இடத்திலும் இருந்தார் என்பதற்குச் சான்று இல்லை. துப்பாக்கியைப் பிடித்ததற்கும் இல்லை. சங்கிலிக் கணக்குப்படி பார்த்தால் அவர் வெளியே போயிருக்க வேண்டும். ஆனால் நீதிமன்றம் கயிற்றை முழுதாக முறுக்கிப் பார்த்தது: தலைமறைவு வீட்டை அக்கம்பக்கத்தாருக்குச் சந்தேகம் வராதபடி நடத்தியது, பணத்தைக் கையாண்டது, மற்ற இருவரும் இறந்ததும் வீட்டுக்குத் தீ வைத்தது, இயக்கத்தின் ஒப்புதல் குறுந்தகடுகளை அஞ்சலில் அனுப்பியது. இவை எல்லாம் ஒரே திட்டத்தின் பகுதிகள் என்று கண்டு, 10 கொலைகளிலும் அவரும் உடன் குற்றவாளி என்று தீர்மானித்து ஆயுள் தண்டனை விதித்தது. 2021இல் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

அதே நாளில், அதே அறையில், இன்னொருவருக்கு அதே நெறி வேறு பலனைத் தந்தது. குழுவுக்கு ஊர்திகளை வாடகைக்கு எடுத்துக் கொடுத்தவர் அவர். அவை எதற்குப் பயன்படும் என்று அவருக்கு அப்போதே தெரியும் என்பதில் நீதிபதிகளுக்கு உறுதி ஏற்படவில்லை. பெரிய குற்றச்சாட்டுகளிலிருந்து விடுவிக்கப்பட்டு, இரண்டரை ஆண்டுத் தண்டனையோடு அன்றே வெளியே வந்தார். அரசுத் தரப்பு கேட்டிருந்தது 12 ஆண்டுகள். பார்வையாளர் மாடத்தில் இருந்த நவநாஜிகள் கைதட்டினார்கள். கொல்லப்பட்டவர்களின் குடும்பத்தார் அந்தக் கைதட்டலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு கனக்கிறது. ஐயத்தின் நெறி தேவையானது என்பதில் எனக்குத் தடுமாற்றம் இல்லை. ஆனால் அதன் விலையைச் செலுத்துகிறவர்கள் அந்த இருக்கைகளில் இருக்கும் தாய்மார்கள் என்பதைச் சொல்லாமல் அதை விளக்குவது நேர்மையல்ல.

காத்யா அங்கே ஏன் உட்கார்ந்திருக்கிறாள்?

படத்தில் ஒரு சிறு விவரம் பலருக்கு வியப்பாக இருக்கும். காத்யா வெறும் சாட்சி அல்ல. சொந்த வழக்கறிஞரோடு, அரசு வழக்கறிஞரின் பக்கத்தில் அமர்ந்திருக்கிறாள். ஜெர்மன் சட்டம் இதை 'நேபன்கிளாகே' என்கிறது. அரசுத் தரப்போடு இணைந்து வழக்கை நடத்தும் உரிமை என்று சொல்லலாம். கொலையுண்டவரின் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், துணைவர் ஆகியோர் இதைக் கோரலாம். சாட்சிகளைக் கேள்வி கேட்கலாம், புதிய சான்றுகளைக் கேட்டு மனுச் செய்யலாம். விடுதலைத் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடும் செய்யலாம்.

அந்த மேல்முறையீட்டுக்குக் காலக்கெடு, தீர்ப்பு வாசிக்கப்பட்டதிலிருந்து ஒரு வாரம். மேல் நீதிமன்றம் சாட்சிகளை மறுபடி கூண்டில் ஏற்றாது. கீழ் நீதிமன்றம் சட்டப்படி நடந்ததா என்று மட்டும் பார்க்கும். ஆனால் அந்தப் பார்வைக்குள் முக்கியமான ஒன்று அடங்கும். கீழ் நீதிமன்றம் சாட்சியங்களைத் துண்டு துண்டாக மட்டும் பார்த்திருந்தாலோ, அளவுக்கு மீறிய உறுதியைக் கேட்டிருந்தாலோ அது சட்டப் பிழை. அந்தக் காரணத்தால் விடுதலைத் தீர்ப்புகள் ரத்தாகி, புதிய அமர்வு முன் மறுவிசாரணைக்குப் போனதுண்டு.

கிரேக்கக் கடற்கரையில் இருக்கும் காத்யாவை டானிலோ தொலைபேசியில் அழைத்துப் பேசுவது இந்த மேல்முறையீட்டைப் பற்றித்தான். அவள் ஏற்கெனவே உரமும் ஆணிகளும் வாங்கி, தன் மகனைக் கொன்ற அதே வகைக் குண்டைத் தன் கையால் செய்துவிட்டாள். ஒரு முறை தம்பதியின் முகாம் ஊர்திக்கு அடியில் அதை வைத்துவிட்டு, மனம் மாறி எடுத்து வந்துவிடுகிறாள். பிறகு அதைத் தன் உடலோடு கட்டிக்கொண்டு ஊர்திக்குள் ஏறுகிறாள். கதவு மூடுகிறது. வெடிக்கிறது.

ஜெர்மன் சட்டத்தில் குற்றம் சாட்டப்பட்டவர் இறந்துவிட்டால் வழக்கு அங்கேயே கைவிடப்படும்; இறந்தவரை எந்த நீதிமன்றமும் குற்றவாளி என்று தீர்மானிக்க முடியாது. 2011இல் இறந்துபோன அந்த இரண்டு ஆண்கள் மீதும் இன்றுவரை ஒரு கொலைத் தீர்ப்பும் இல்லை. இணைந்து வழக்கு நடத்தும் உரிமையும் அதைக் கோரியவர் இறக்கும்போது முடிந்துவிடும். காத்யாவின் மேல்முறையீட்டில் இனிக் கோருவதற்கும் ஆள் இல்லை, விசாரிக்கப்படுவதற்கும் ஆள் இல்லை. ஹாம்பர்க் நீதிமன்றத்தின் கோப்பில் ராக்கோவின் கொலைக்கு எதிரே எழுதப்பட்டிருப்பது, ஐயம் எஞ்சியதால் விடுதலை என்பது மட்டுமே.